ரோந்து வண்டியின் அடிப்பக்கம்

போலீஸ் வண்டிகளுக்கு வயதானால் அவை எங்கே போகின்றன என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை. இன்றைக்கு என்னைக் கேட்டால், செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை எந்தப் பழைய ரோந்து வண்டி எந்தக் கொட்டகையில் கிடக்கிறது, எது காய்கறி ஏற்றுகிறது, எது கோழி அடைக்கிற கூண்டாகிவிட்டது என்று சொல்வேன். பெருமைக்குச் சொல்லவில்லை. இதையெல்லாம் நான் தெரிந்துகொண்ட விதத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

என் அம்மா மீன் விற்பவள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி எங்கள் குப்பம். விடிந்ததும் கரையில் ஏலம் எடுப்பாள். கூடையைத் தூக்கிக்கொண்டு ஈசிஆர் ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கம் நின்று ஷேர் ஆட்டோ பிடித்து அணுபுரம் குவார்ட்டர்ஸுக்குப் போவாள். அங்கே அவளுக்கென்று வாடிக்கை வீடுகள் உண்டு. வஞ்சிரம் கேட்கிற வீடு எது, நெத்திலி போதும் என்கிற வீடு எது என்று அவளுக்கு மனப்பாடம். நான் செங்கல்பட்டில் ஒரு ஸ்கேன் சென்டரில் வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். அப்பா கடலுக்குப் போவார். எங்கள் வாழ்க்கை அவ்வளவுதான். அதில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

ஒரு நாள் காலை, யாரோ ஒரு பெரிய மனிதர் மாமல்லபுரத்துக்கு வருகிறார் என்று ரோட்டை அடைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அது தெரியாது. கூட வருகிற பெண்கள் முன்னாலேயே போய்விட்டார்கள். தோப்பு ஓரமாக ரோடு வெறிச்சென்று கிடந்தது. ரோந்து வண்டி ஒன்று மட்டும் நீல விளக்கைச் சுழலவிட்டபடி நின்றிருக்கிறது. அடைப்பதற்குள் உள்ளே நுழைந்துவிட்டு, ரோடு காலி என்று பறந்து வந்த ஏதோ ஒரு கார் அம்மாவை அடித்துத் தூக்கிப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டது. அம்மா போய் விழுந்த இடம் அந்த ரோந்து வண்டிக்குப் பின்னால். தலை கிட்டத்தட்ட வண்டியின் பின்படிக்குக் கீழே.

அவளுக்கு நினைவு இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. கூப்பிட்டிருக்கிறாள். கையால் வண்டியைத் தட்டியிருக்கிறாள். உள்ளே ஆள் பேசுகிற சத்தமும் வயர்லெஸ் கரகரப்பும் கேட்டிருக்கின்றன. கதவு திறக்கவில்லை. மல்லாந்து கிடந்தவளுக்குத் தலைக்கு மேலே தெரிந்தது அந்தப் படியின் அடிப்பக்கம் மட்டும்தான். படியில் ஒரு பக்கம் ஒட்டுப் போட்டிருந்தது. ஒட்டுப் போட்ட தகடு ஏதோ பழைய ரோட்டு போர்டிலிருந்து வெட்டியது. அதன் எழுதிய பக்கம் கீழே பார்த்திருந்தது. மஞ்சள் தகட்டில் கறுப்பாக இரண்டு எழுத்து: 'மெது'.

அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மயக்கம் வரும்வரை அந்த இரண்டு எழுத்தையும் பார்த்துக்கொண்டே கிடந்ததாகச் சொன்னாள். அப்புறம் அரைமயக்கத்தில் சர்சர்ரென்று நிறைய கார்கள் போன சத்தம். அப்புறம் தலைக்கு மேலே படி இல்லை, வானம் இருந்தது. ரோந்து வண்டி கிளம்பிப் போய்விட்டிருந்தது.

ரோட்டைத் திறந்த பிறகு ஐஸ் ஏற்றிக்கொண்டு வந்த குட்டியானை வண்டி ஒன்றுதான் அவளைப் பார்த்து நின்றது. அந்த டிரைவர் தனி ஆளாக அவளைத் தூக்கி, ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் எலும்பை ஒழுங்காகச் சேர்த்திருக்கலாம் என்றார் டாக்டர். கால் பிழைத்தது. ஆனால் மடங்காது. அம்மா அதற்குப் பிறகு கரை மணலில் கூடையோடு நடக்கவில்லை. மார்க்கெட் ஓரத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் வாங்கி வருகிற மீனை வெட்டிக் கொடுக்கிறாள்.

இதுவரை நடந்தது விபத்து. அடுத்து நடந்ததை நான் விபத்து என்று சொல்ல மாட்டேன்.

ஸ்டேஷனில் போய்ச் சொன்னோம். அங்கே இருந்த அதிகாரி அம்மா சொன்னதைப் பொறுமையாகக் கேட்பது போலக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த எடத்துல அன்னிக்கு நம்ம வண்டி எதுவுமே நிக்கலம்மா. அடிபட்ட மயக்கத்துல அவங்க கனவு கண்டுருப்பாங்க" என்றார்.

"படிக்கு அடியில எழுத்து கூடப் பாத்தேன் சார். 'மெது'ன்னு கீது" என்றாள் அம்மா.

அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்த்துச் சிரித்தார். "போலீஸ் வண்டிக்கு அடியில மெதுவாப் போன்னு எவனாவது எழுதுவானா?" பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "குடிக்கிற பழக்கம் உண்டா?" என்று கேட்டார்.

அம்மா காதில் அது விழுந்தது. என் அம்மா வெற்றிலை கூடப் போடாதவள்.  வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் சொன்னாள்: "காலு போனது கூடப் பரவால்லடி. என்னப் பொய்க்காரின்னுட்டான்."

அந்தச் சிரிப்பு ஸ்டேஷனோடு நிற்கவில்லை. எப்படியோ மார்க்கெட்டுக்கு வந்துவிட்டது. பெண்கள் அவளுக்கு 'மெது' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மடங்காத காலை இழுத்துக்கொண்டு அவள் மெதுவாக வருவதற்கும் அது பொருத்தமாக இருந்ததாம். "தோ, மெது வந்துட்டா பாரு" என்பார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். எனக்கு அது விளையாட்டாக இல்லை.

அந்த வண்டியைக் கண்டுபிடிப்பது என்று நான் முடிவு செய்தது உட்கார்ந்து யோசித்து அல்ல. செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், ஒரு மைதானத்தின் மூலையில் பழைய போலீஸ் வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருப்பதை பஸ்ஸிலிருந்து பார்த்தேன். சக்கரத்தில் காற்று இல்லை, மேலே விளக்கு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஓடி ஓய்ந்த வண்டிகளை ஏலம் விடப்போகிறார்கள் என்றார். அன்றைக்கு வேலைக்குப் போகாமல் இறங்கிவிட்டேன்.

ஏலத்துக்கு வண்டிகளைப் பார்க்க யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். எல்லோரும் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். நான் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் போய்த் தரையில் கை ஊன்றிப் படியின் அடியைப் பார்த்தேன். துரு இருந்தது. சேறு இருந்தது. குளவிக் கூடு இருந்தது. எழுத்து இல்லை.

அங்கே வண்டிகளை மொத்தமாக எடுக்கிற புரோக்கர் ஒருவர் என்னைக் கவனித்துவிட்டு வந்தார். தடித்த ஆள், நல்ல மனசு. "இன்னா சிஸ்டர், பாம்பு ஏதாச்சும் தேடுறியா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. "இதுக்கு முன்னாடி போன வண்டியெல்லாம் என் யார்டு வழியாத்தான் போயிருக்கு. வந்து பாரு. எங்க போச்சுன்னு நான் சொல்றேன்" என்றார்.

அவருடைய யார்டு செங்கல்பட்டைத் தாண்டி இருந்தது. அங்கே நான் அடிக்கடி போனேன். போகும்போதெல்லாம் ஒரு வயதானவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பார். வண்டிகளைக் கிளப்பிப் பார்த்து எது தேறும், எது தேறாது என்று புரோக்கருக்குச் சொல்வதுதான் அவர் வேலை. புரோக்கர் அவரை அண்ணாத்த என்பார். முதல் நாளே அவர் என்னைக் கேட்டார்: "அடியில இன்னாம்மா தேடுற?"

"ஒரு எழுத்து" என்றேன். எந்த எழுத்து, யார் பார்த்தது, எங்கே பார்த்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "வெயில்ல ரொம்ப நிக்காதம்மா" என்றார். உள்ளே போய் ஒரு நாற்காலி கொண்டு வந்து போட்டார். எவ்வளவு நல்லவர் என்று நினைத்தேன்.

புரோக்கர் சொன்ன இடங்களுக்கெல்லாம் போனேன். ஒரு ரோந்து வண்டி திருக்கழுக்குன்றம் பக்கம் செங்கல் சூளையில் தண்ணீர் டிரம் சுமந்துகொண்டிருந்தது. கதவில் 'அவசரம்' என்ற எழுத்தைச் சுண்ணாம்பு அடித்து மறைத்திருந்தார்கள். இன்னொன்றை ஒருவர் மாந்தோப்புக் காவலுக்கு நிறுத்தியிருந்தார். அது ஓடாது, ஆனால் திருடன் பயப்படுவானாம். ஒன்றின் பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டுக் கோழி விட்டிருந்தார்கள். எல்லா இடத்திலும் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள், பிறகு சிரிப்பார்கள், பிறகு அனுமதி தருவார்கள். நான் குனிவேன். எழுந்து துணியைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

வீட்டில் அப்பா, "வுடேன் பாப்பா. கெடைச்சா மட்டும் கால் மடங்கிடுமா?" என்பார்.  அம்மாவோ நான் வீட்டுக்குள் நுழையும்போது என் முழங்கையில் மண் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தால், எங்கோ பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று தெரிந்துகொள்வாள்.

கடைசியில் வண்டி கிடைத்தது நெம்மேலிக்குப் பக்கத்தில். கிடைத்த கோலத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அது இன்னும் போலீஸ் வண்டியாகவே இருந்தது. ஷூட்டிங்குக்கு வண்டி வாடகைக்கு விடுகிற ஒருவர் அதை வாங்கி, புதுப் பெயின்ட் அடித்து, நீல விளக்கு மாட்டி, கதவில் 'காவல்' என்று பளபளவென்று எழுதி வைத்திருந்தார். கடற்கரை பங்களாக்களில் எடுக்கிற சீரியல்களுக்கெல்லாம் அதுதான் போலீஸ் ஜீப்பாம். "இந்த வாரம் ஆக்ஸிடென்ட் சீன் மேடம். கதாநாயகியத் தூக்கினு ஆஸ்பத்திரிக்குப் போவுது" என்றார்.

நான் பின்னால் போய்க் குனிந்தேன்.

மேலெல்லாம் பெயின்ட் அடித்தவர்கள் அடிப்பக்கத்தை விட்டுவிட்டார்கள். படியில் ஒட்டு. மஞ்சள் தகடு. ஓரமெல்லாம் துரு தின்றிருந்தது. நடுவில் 'மெது' அப்படியே இருந்தது.

நான் அழவில்லை. அந்த அதிகாரியின் சிரிப்பு ஞாபகம் வந்தது. வண்டியை எட்டி உதைத்தேன். வண்டி வாடகைக்கு விடுகிறவர் பதறிப்போய், "மேடம், பெயின்ட்டு!" என்று கத்தினார்.

போனில் படம் எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அவள் போனைத் தள்ளிவிட்டாள். "போட்டோல இன்னா வேணா வரும். நான் பாக்கணும்" என்றாள்.

ஆட்டோ வைத்து அழைத்துப் போனேன். அன்றைக்கு ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. இடைவேளைவரை ஓரமாகக் காத்திருந்தோம். பிறகு அம்மா கையோடு கொண்டுவந்த துண்டை வண்டிக்குப் பின்னால் விரித்தாள். ஒரு கையால் என் தோளையும் மறு கையால் பின்கதவையும் பிடித்துக்கொண்டு, மடங்காத காலை முதலில் நீட்டி, மெல்ல உட்கார்ந்து, அப்படியே மல்லாந்து படுத்தாள். அன்று கிடந்த அதே மாதிரி. நான் தடுக்கவில்லை. அவள் படியின் அடிப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. எழுத்துக் கூட்டினாள்.

அப்போது காக்கி உடுப்பில், தோளில் நட்சத்திரங்களோடு ஒருவர் ஓடி வந்தார். "இன்னாம்மா ஆச்சு? வுழுந்துட்டீங்களா? தூக்கணுமா?" என்று கையை நீட்டினார்.

அம்மா கீழே கிடந்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீ நெசப் போலீஸா?"

"இல்லம்மா. நான் நடிக்க வந்தவன்."

"அதான பாத்தேன்" என்றாள் அம்மா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மறுநாள் புரோக்கரிடம் நேரில் சொல்லலாம் என்று யார்டுக்குப் போனேன். எந்த வண்டி என்று சொன்னதும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அட, அந்த வண்டியா! அத சர்வீஸ்ல ஓட்டினதே நம்ம அண்ணாத்ததான்!" என்று வேப்பமரத்தடியைக் காட்டினார். சொன்ன பிறகுதான் அவருக்கே விஷயம் உறைத்தது. 

 அந்த மனிதர் டீ தம்ளரோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒவ்வொரு வண்டிக்கும் அடியில் குனிந்ததை அவர் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் முழங்கைச் சிராய்ப்புக்குத் தேங்காய் எண்ணெய் போடச் சொன்னார். நாற்காலி போட்டார்.

"மொத நாளே உங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்மா."

"என்ன நாய் மாதிரி அலையவுட்டு வேடிக்க பாத்தீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "படி துருப்பிடிச்சு வுழுந்துடுச்சு. புதுப் படி வேணும்னு எழுதிப் போட்டா எப்ப வரும்னே தெரியாது. ரோட்டோரம் ஒடிஞ்சு கெடந்த போர்ட வெட்டி நாந்தான் ஒட்டுப் போட வெச்சேன். நீ 'மெது'ன்னு சொன்னதுமே எந்த வண்டின்னு எனக்குப் புரிஞ்சுடுச்சு."

"அன்னிக்கு ஏன் ஏத்தல?"

"பந்தோபஸ்து. கான்வாய் போற வரைக்கும் எடத்த வுட்டு நகரக் கூடாதுன்னு ஆர்டர். கூட இருந்த அதிகாரி எறங்காதன்னு சொல்லிட்டாரு. வயர்லெஸ்ல ஆம்புலன்ஸ் கேட்டோம். அதையும் ரோட்ட அடைச்சு அந்தாண்டையே நிறுத்திட்டாங்க. கான்வாய் போனதும் பின்னாலயே போவச் சொன்னாங்க. போயிட்டோம்."

"அப்புறம் அங்க வண்டியே இல்லன்னு சொன்னது யாரு?"

"மேல முடிவு பண்ணிட்டாங்க. என்னக் கேட்டா அப்படியே சொல்லணும்னு சொன்னாங்க. யாரும் கேக்கவும் இல்ல."

அவர் சொல்லச் சொல்ல என் கோபம் நிற்க இடம் தேடியது. இவர் மேலா? கூட இருந்த அதிகாரி மேலா? கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போன பெரிய மனிதர் மேலா? அவருக்கு இப்படி ஒருத்தி கிடந்தாள் என்பதே தெரிந்திருக்காது. எல்லோருக்கும் ஒரு ஆர்டர் இருந்தது. என் அம்மாவுக்கு மட்டும்தான் கால் போனது. எனக்குச் சமாதானம் வேண்டாம் என்று தோன்றியது.

"இத என்கிட்ட சொல்லாதீங்க. எங்க அம்மாகிட்ட வந்து சொல்லுங்க" என்றேன்.

வர மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். நேராக மார்க்கெட்டுக்கே வரச் சொல்லியிருந்தாள் அம்மா. சுற்றிலும் அவளுக்குப் பட்டப்பெயர் வைத்த அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க, மீன் செதில் பறக்கிற இடத்தில் அவர் நின்று எல்லாவற்றையும் சொன்னார். அம்மா சங்கரா மீனை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் நிமிர்ந்தாள்.

"நான் தட்டினது கேட்டுதா?"

"கேட்டுச்சும்மா."

"என் மூஞ்சியப் பாத்தியா?"

 "நீ வுழுந்தது கண்ணாடில தெரிஞ்சுது. மூஞ்சியப் பாக்கல. பாத்தா ஏத்தணும்னு தோணிடும்னு திரும்பிக்கினேன்."

"அப்ப உனுக்குத் தெரிஞ்சுதான் இருந்துது" என்றாள் அம்மா. "ஏத்தணும்னு."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மா திரும்பக் கும்பிடவில்லை. திட்டவும் இல்லை. "சரி, போ. எடத்த மறைக்காத, ஆள் வருது" என்றுவிட்டு அடுத்த மீனை எடுத்தாள்.

 அவர் போன பிறகு அம்மா குரலை உயர்த்தினாள். "கேட்டீங்களாடி? போலீஸ்காரனே வந்து சொல்லிட்டுப் போறான். எவளாச்சும் இனிமே என்ன மெதுன்னு கூப்ட்டா வாயிலயே செதிலத் திணிச்சுடுவேன்." யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி எழுந்து போய் அவளுக்கு டீ வாங்கி வந்தாள். அம்மா அன்று முழுக்க, மீன் வெட்ட வந்த ஒவ்வொருவரிடமும் அந்தக் கதையை முதலிலிருந்து சொன்னாள். இரவு நன்றாகத் தூங்கினாள்.

நான் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் புதியவர். படத்தைக் காட்டினேன், டிரைவர் சொன்னதைச் சொன்னேன். "அது முடிஞ்சுபோன கேஸும்மா. இப்ப அதக் கெளறி இன்னா பண்ணப் போறீங்க?" என்றார். அங்கே வண்டியே நிற்கவில்லை என்று எழுதி வைத்திருந்த பொய்யைத் திருத்தி எழுதச் சொன்னேன். பார்க்கலாம் என்றார். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த டிரைவரும் சாட்சியாக எழுதித் தர மறுத்துவிட்டார். பென்ஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமாம். மார்க்கெட்டில் சொல்ல முடிந்தது, காகிதத்தில் முடியவில்லை.

அம்மா விட்டுவிட்டாள். ஊர் நம்பினால் அவளுக்குப் போதும். என்னால் விட முடியவில்லை. போன மாதம் கூட ரோட்டை அடைத்தார்கள். எங்கள் பஸ் தோப்பு ஓரத்தில் நின்றது. பஸ்ஸில் எல்லோரும் யார் வருகிறார்கள் என்று எட்டிப் பார்த்தார்கள். முன்னால் புத்தம் புதிய ரோந்து வண்டி ஒன்று நின்றிருந்தது. நான் இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். உள்ளே இருந்த சின்ன வயதுக்காரர் கண்ணாடியை இறக்கி, "இன்னா மேடம்?" என்றார்.

"இங்க யாராச்சும் அடிபட்டுக் கெடந்தா ஏத்துவீங்களா?" என்று கேட்டேன்.

"யார் அடிபட்டாங்க?"

"யாரும் இல்ல. கெடந்தா ஏத்துவீங்களான்னு கேக்கறேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி, "போய் பஸ்ஸுல உக்காரும்மா" என்றார். நான் பதில் வரட்டும் என்று அங்கேயே நின்றேன். கண்ணாடி ஏறியது. கண்டக்டர் விசில் மேல் விசில் அடித்தார். கான்வாய் போய் முடிகிறவரை நான் அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.